கணினி கண்டுகொள்ளாத வன்தட்டு

தோட்டப்புறங்களில் வாழ்ந்த நம் பெற்றோர் தங்கள் பத்திரங்களைத் தகரப் பெட்டியில் வைத்துக் காத்தனர். பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, சேமநிதிக் கடிதங்கள், திருமணப் படம், பிள்ளைகளின் தேர்வுச் சான்றிதழ்கள் ஆகிய யாவும் துணியில் சுற்றப்பட்டு அப்பெட்டிக்குள் இருக்கும். தோட்டம் மாறும்போது முதலில் லாரியில் ஏறுவது அந்தப் பெட்டியே. இன்று பல வீடுகளில் அதன் இடத்தை உள்ளங்கை அளவுள்ள வெளி வன்தட்டு ஒன்று பிடித்துக்கொண்டுள்ளது. ஆயிரக்கணக்கான படங்களும் பத்திரங்களின் நகல்களும் அதனுள் அடங்கிவிடுகின்றன.

தகரப் பெட்டி துருப்பிடித்தாலும் திறக்கும். வன்தட்டோ நேற்றுவரை நன்றாக இயங்கிவிட்டு, இன்று கணினியில் செருகினால் எதுவும் தெரியாமல் கிடக்கும். யூ.எஸ்.பி. சாதனத்தை அடையாளம் காண இயலவில்லை என்னும் பொருள்பட ஆங்கில அறிவிப்பு ஒன்று திரையின் மூலையில் தோன்றி மறையும். சில வேளைகளில் அதுவும் தோன்றாது. இந்நிலையில் செய்யத்தக்கவை எவை, செய்யத்தகாதவை எவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். செய்யத்தகாதவற்றை அறிவது இவ்விரண்டனுள் முதன்மையானது. வன்தட்டின் பழுதால் அழியாத படங்கள், பழுதுபார்க்க முனைந்தவரின் அவசரத்தால் அழிந்துபோவதுண்டு.

சித்தியவானில் கண்டது

பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில் உள்ள சித்தியவானைச் சுற்றிலும் முன்னாளில் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்தன. பின்னர் அவற்றுட் பல செம்பனைக்கு மாறின. லயன் வீடுகளில் இருந்த குடும்பங்கள் சித்தியவான், ஆயர் தாவார், ஸ்ரீ மஞ்சோங், லூமுட் ஆகிய இடங்களின் குடியிருப்புகளுக்கும், ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பிரிந்து சென்றன. அத்தகைய தோட்டம் ஒன்றின் முன்னாள் குடியிருப்பாளர்கள், வீடு வீடாகச் சென்று பழைய படங்களைத் திரட்டினர். தமிழ்ப்பள்ளியின் வகுப்புப் படங்கள், கோயில் திருவிழா, காற்பந்துக் குழு, பெரட்டுக்களத்தில் வரிசையாய் நிற்கும் பால்மரத் தொழிலாளர்கள் எனப் பலவற்றையும் நகலெடுத்து ஒரே வன்தட்டில் சேர்த்தனர். மூலப் படங்கள் அந்தந்த வீடுகளுக்கே திருப்பிக் கொடுக்கப்பட்டன. அவற்றிற் சில பின்னர் கறையானுக்கு இரையாயின; சில வீடு மாறும்போது காணாமற்போயின.

ஆண்டுக்கொரு முறை நடைபெறும் ஒன்றுகூடலில் அப்படங்களைத் திரையிடுவது வழக்கம். அதற்கு முந்திய நாள் மாலையில், அவ்வன்தட்டைப் பாதுகாத்து வந்த ஓய்வுபெற்ற கிராணியின் வீட்டில் நானும் இருந்தேன். வன்தட்டைச் செருகினால் அதன் சிறு விளக்கு மினுங்குகிறது, உள்ளே "டிக், டிக்" என்று ஓசை எழுகிறது, பின்னர் அடங்கிவிடுகிறது; கணினித் திரையில் ஒன்றும் இல்லை. சுற்றியிருந்தோர் ஆளுக்கொரு யோசனை கூறினர். கையால் தட்டிப் பார்க்கலாம் என்றார் ஒருவர். "ஃபார்மட்" செய்தால் சரியாகிவிடும் என்று ஓர் இளைஞர் உறுதியாகக் கூறினார். ஃபார்மட் என்பது ஏட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் கோடு போடுவதற்கு ஒப்பானது என்று எடுத்துச் சொன்னபோது அவரே திகைத்துப்போனார். அன்று என்ன ஆயிற்று என்பதைக் கூறுமுன், கணினியும் வன்தட்டும் எவ்வாறு பேசிக்கொள்கின்றன என்பதைச் சற்றே காண்போம்.

பெரட்டில் பெயர் கொடுப்பது போல

யூ.எஸ்.பி. முறையின் முதல் விதிமுறை 1996-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியாயிற்று. அதற்கு முன்பு கணினியின் பின்புறத்தில் விசைப்பலகைக்கு ஒரு வாய், அச்சுப்பொறிக்கு வேறொரு வாய் எனப் பல வடிவங்கள் இருந்தன. இன்டெல், மைக்ரோசாப்ட், ஐ.பி.எம். உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் சேர்ந்து எல்லாவற்றிற்கும் பொதுவான செருகுவாய் ஒன்றை வகுத்தன. அம்முயற்சியில் முன்னின்றவர்களுள் குஜராத்தின் வடோதராவில் பிறந்த அஜய் பட் ஒருவர். இதே வாயில் செருகப்படும் பென் டிரைவின் வளர்ச்சியில் நம் நாட்டவர்க்கும் பங்குண்டு. சிலாங்கூரின் செகிஞ்சானில் பிறந்த புவா கெய்ன் செங், 2000-ஆம் ஆண்டு தைவானில் பைசன் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். பென் டிரைவை இயக்கும் வேலைகள் யாவற்றையும் ஒரே சில்லுக்குள் அடக்கியதற்காகப் பெயர் பெற்றவர்.

சாதாரண யூ.எஸ்.பி. கம்பிக்குள் நான்கு இழைகள் உள்ளன. சிவப்பும் கறுப்பும் மின்சாரத்திற்கு. பச்சையும் வெள்ளையும் செய்திக்கு. முனைக்குள் உற்றுநோக்கினால், மின்சாரத்திற்குரிய இரு தகடுகள் மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாய் இருப்பதைக் காணலாம். முதலில் மின்சாரம் சேர வேண்டும், பிறகுதான் பேச்சுத் தொடங்க வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு அமைத்துள்ளனர்.

அடுத்து நிகழ்வது காலைப் பெரட்டை ஒத்தது. வன்தட்டு தான் வந்துவிட்டதைச் செய்தி இழையில் சிறு மின்னழுத்தம் காட்டித் தெரிவிக்கும். கணினி அதன் விவரங்களைக் கேட்கும். எந்த நிறுவனத்தின் சாதனம், என்ன வகை, எவ்வளவு மின்னோட்டம் தேவை என்பவற்றை வன்தட்டு ஒப்பிக்கும். கணினி அதற்கு ஓர் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்து, உரிய இயக்கி மென்பொருளைத் துணைக்கு அனுப்பும். இறுதியாக ஈ, எஃப், ஜி போன்ற எழுத்தொன்று வழங்கப்படும். கிராணி நிரை பிரித்துக் கொடுப்பதைப் போன்றது இது. அதன் பின்னரே நம் கோப்புகள் கண்ணுக்குத் தெரியும்.

ஒருவர் பெரட்டில் காணப்படவில்லையென்றால் பல காரணங்கள் இருக்கலாம். உடம்புக்கு முடியாமல் எழுந்திருக்கவே இல்லையோ? வந்தும் அவர் குரல் கேட்கவில்லையோ? செக்ரோலில் பெயர் விட்டுப்போயிற்றோ? நிரை கொடுக்கப்படவில்லையோ? வன்தட்டின் சங்கதியும் இதுவே. எந்தப் படியில் தடை நேர்ந்தது என்று அறியாமல் மருந்து தேடுவது வீண்.

மின்சாரமும் கம்பியும்

பழைய யூ.எஸ்.பி. 2.0 செருகுவாய் 5 வோல்ட் அழுத்தத்தில் 500 மில்லியம்பியர் மின்னோட்டம் வரையே தரக் கடமைப்பட்டது. 2008-இல் வந்த 3.0 வகை 900 வரை தரும். அதன் உட்புறம் பெரும்பாலும் நீல நிறமாயிருக்கும். பென் டிரைவுக்கு இதிற் சிறு பங்கே போதும். ஆனால், சுழலும் தட்டைக் கொண்ட வன்தட்டு நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் சில நொடிகளில் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். அது கிடைக்காவிடில் தட்டு பாதி சுழன்று நின்றுவிடும். விளக்கு மட்டும் எரியும். விளக்கு எரிகிறதே, மின்சாரம் வருகிறதே என்று நாம் ஏமாறுகிறோம். விளக்குக்கு வேண்டிய மின்சாரம் மிகச் சொற்பம்.

ஆகையால் முதலில் செய்ய வேண்டியவை எளியவை. ஒன்றைப் பலவாக்கும் பல்முனைப் பெட்டியை நீக்கிவிட்டு வன்தட்டை நேரே கணினியில் செருகுக. மேசைக் கணினியாயின் முன்புற வாயை விடுத்துப் பின்புற வாயைப் பயன்படுத்துக. முன்புற வாய்கள் உள்ளே ஒரு தனிக் கம்பி வழியாகத் தாய்ப்பலகைக்குச் செல்கின்றன. பின்புறத்தவை தாய்ப்பலகையிலேயே பொருத்தப்பட்டவை. கைப்பேசி, சிறு மின்விசிறி முதலிய மற்றவற்றையும் கழற்றிவிடுக. மேசையில் வைக்கும் பெரிய வன்தட்டாயின் அதற்கென்று தனி மின்மாற்றி உண்டு. உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும் வேறு மின்மாற்றியைப் பொருத்தினால் தட்டே எரிந்துபோகக்கூடும். அதன்மேல் அச்சிட்டுள்ள வோல்ட் அளவை ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது.

கம்பியை நாம் ஐயுறுவதே இல்லை. உண்மையில் மிகவும் துன்புறுவது அதுதான். பையில் மடித்துத் திணிப்பதால் உள்ளிழை அறுந்திருக்கலாம். கைப்பேசிக்கென மலிவாக விற்கப்படும் கம்பிகள் சிலவற்றில் செய்திக்குரிய இழைகளே இருப்பதில்லை. அவை மின்சாரத்தை மட்டும் கடத்துவன. பல வன்தட்டுகளின் அகன்ற தட்டையான முனையும் நாளடைவில் தளர்ந்துவிடுகிறது. வன்தட்டுடன் வந்த குட்டையான கம்பியையே பயன்படுத்துவதும், அதே வகையான வேறொரு கம்பியை மாற்றிப் பார்ப்பதும் நலம். ஒன்றரை முழக் கம்பியைப் பார்த்து, இவ்வளவு குட்டையாகக் கொடுத்திருக்கிறார்களே என்று குறைகூறி நீளமான கம்பி வாங்குவோர் உண்டு. கம்பி நீள நீள அழுத்தம் குறையும் என்பதனாலேயே அது குட்டையாக அமைந்துள்ளது.

நம் வட்டாரத்திற்கே உரிய காரணங்களும் உள. சித்தியவானும் லூமுட்டும் கடலையொட்டிய பகுதிகள். உப்பும் ஈரமும் கலந்த காற்று செருகுவாயின் தகடுகளில் மெல்லிய பாசி போன்ற படிவத்தை உண்டாக்கும். எறும்பும் பல்லியும் கணினிப் பெட்டிக்குள் குடியேறுவதையும் கண்டிருக்கிறோம். வாயால் ஊதித் தூசியைப் போக்க முயல வேண்டா. எச்சில் ஈரம் மேலும் கெடுக்கும். கணினியை அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கிய பின்னர், மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சிறிதளவு மெல்லிய தூரிகையில் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். ஊசி, குண்டூசி போன்ற உலோகங்களை வாய்க்குள் விடலாகாது.

இடிமழை நாளுக்குப் பிறகு எல்லா யூ.எஸ்.பி. வாய்களும் ஒருசேரச் செயலிழந்தால் மின்னலின் தாக்கத்தை ஐயுறலாம். எனினும், உடனே கைவிட வேண்டியதில்லை. அதிக மின்னோட்டம் பாய்ந்தால் செருகுவாய் தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும் பாதுகாப்பு பல கணினிகளில் உண்டு. கணினியை முழுமையாக அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, தொடக்கப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, சிறிது நேரம் கழித்து இயக்கினால் அடைப்பு நீங்குவதுண்டு. விண்டோஸ் கணினியில் "ஷட் டவுன்" கொடுப்பது மட்டும் போதாது. விரைவாகத் தொடங்க வேண்டுமென்று அது பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்ளும். "ரீஸ்டார்ட்" கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

பழுது கணினியிலா வன்தட்டிலா என்பதைப் பிரித்தறியச் சிறந்த வழி ஒன்றுண்டு. அதே வாயில் வேறு பென் டிரைவைச் செருகுக. அதே வன்தட்டை வேறு கணினியில் செருகுக. இவ்விரண்டும் ஐந்து நிமிட வேலை. பலர் இதைச் செய்யாமலே கணினியை மீண்டும் நிறுவத் தொடங்கிவிடுகின்றனர்.

பெயர் இருந்தும் நிரை இல்லாதபோது

தட்டு சுழலும் ஓசை கேட்கிறது, ஆனால் கோப்பு எதுவும் தெரியவில்லை என்றால், விண்டோஸில் "டிவைஸ் மேனேஜர்" என்னும் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கு மஞ்சள் முக்கோணக் குறியுடன் இருந்தால், பேச்சு இடையில் முறிந்தது என்று பொருள். "கோட் 43" எனக் காட்டினால், அச்சாதனத்தில் ஏதோ கோளாறு இருப்பதாக அறிந்து விண்டோஸ் அதை நிறுத்திவைத்துள்ளது. பெரும்பாலும் கம்பியிலோ வன்தட்டின் சிறு மின்பலகையிலோ தேட வேண்டும். அந்தப் பதிவை அங்கேயே நீக்கி, வன்தட்டைக் கழற்றி, கணினியை மறுதொடக்கம் செய்து மீண்டும் செருகினால், இயக்கி மென்பொருள் புதிதாகச் சேரும். இதனால் வன்தட்டிலுள்ள கோப்புகளுக்குத் தீங்கில்லை.

"டிஸ்க் மேனேஜ்மென்ட்" என்னும் மற்றொரு பட்டியல் இதனினும் பயனுள்ளது. வன்தட்டு அங்கு நல்ல நிலையில் தெரிந்து, எழுத்து மட்டும் இல்லாதிருந்தால், ஓர் எழுத்தைக் கொடுத்தாலே போதும். அலுவலகக் கணினிகளில், வலையமைப்புக்கு ஒதுக்கிய எழுத்தும் வன்தட்டுக்குரிய எழுத்தும் ஒன்றாகி மோதிக்கொள்வதுண்டு.

இனி, கவனமாகக் கையாள வேண்டிய கட்டத்திற்கு வருவோம். சில சமயம் கணினி தானாகவே, இத்தட்டைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று கேட்கும். "இனிஷியலைஸ்" செய்யட்டுமா என்றும் கேட்பதுண்டு. இரண்டிற்கும் இப்போதைக்கு வேண்டா என்றே விடையளிக்க வேண்டும். தட்டு வெறுமையாய் இருக்கிறதென்று கணினி கூறவில்லை. அதிலுள்ள எழுத்தைத் தனக்குப் படிக்கத் தெரியவில்லை என்றே கூறுகிறது. ஆப்பிள் கணினியில் அமைக்கப்பட்ட தட்டை விண்டோஸில் செருகினால் இதே கேள்வி எழும். உள்ளே கோப்புகள் யாவும் நலமாயிருக்கும். தொலைக்காட்சியில் நிகழ்ச்சி பதிவதற்காகச் செருகிய தட்டும் அவ்வாறே. பெட்டி அதைத் தனக்குரிய முறையில் மாற்றியிருக்கும். அம்மாற்றத்தின்போதே பழைய கோப்புகள் நீங்கியிருக்கக்கூடும் என்பதால், குடும்பப் படங்கள் உள்ள தட்டைத் தொலைக்காட்சியில் பதிவுக்குப் பயன்படுத்தலாகாது.

கோப்பு எழுதப்படும்போது கம்பியைப் பிடுங்கியதால் தட்டின் பொருளடக்க ஏடு கிழிந்ததுபோல் ஆகியிருந்தால், கோப்புகள் உள்ளேயே கிடக்கும்; அவை எங்குள்ளன என்னும் குறிப்பே போயிருக்கும். டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் என்னும் இலவச மென்பொருள்கள் அவற்றைத் தேடியெடுக்க வல்லவை. ஆனால் மீட்டவற்றை அதே தட்டில் எழுதக்கூடாது. வேறொரு தட்டில்தான் எழுத வேண்டும். இயலுமாயின், முதலில் பழுதுற்ற தட்டை முழுமையாக வேறொரு தட்டில் படியெடுத்து, அப்படியின்மீதே தேடுவது மேலும் பாதுகாப்பானது. சிதையும் நிலையிலுள்ள பழைய ஓலைச்சுவடியைத் திரும்பத் திரும்பப் புரட்டாமல், முதலில் பெயர்த்தெழுதிவிட்டுப் பிறகே ஆராய்ந்தனர் நம் முன்னோர். "செக்டிஸ்க்" எனப்படும் திருத்தும் கருவியை நான் முதலிலேயே பரிந்துரைக்காததன் காரணமும் இதுவே. அது தட்டில் எழுதித் திருத்துவது. நோயுற்ற தட்டில் அது செய்யும் திருத்தமே சில கோப்புகளைச் சிதைக்கும்.

நல்ல கம்பியும் போதிய மின்சாரமும் கொடுத்த பின்னரும் டிக், டிக் என்ற தட்டும் ஓசையோ உரசும் ஓசையோ தொடர்ந்தால் உடனே நிறுத்திவிடுக. உள்ளே காந்தத் தலை தட்டின் மேற்பரப்பைத் தீண்டிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் படங்கள் சுரண்டப்படும். குளிர்பெட்டியில் வைத்தெடுத்தால் சரியாகும் என்ற பேச்சை நம்ப வேண்டா. நம் நாட்டின் ஈரக் காற்றில் அது உள்ளே நீர்த்துளியை வரவழைக்கும். உறையைக் கழற்றி உட்தட்டை மட்டும் வேறு பெட்டியில் பொருத்திப் பார்ப்பதும் எப்போதும் கைகொடுக்காது. சிலவற்றில் யூ.எஸ்.பி. முனை தட்டின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் உறையிலுள்ள பலகையே கோப்புகளை மறையெழுத்தாக மாற்றி வைத்திருக்கும். இத்தகைய பழுதுக்குத் தூசியற்ற அறையும் பயிற்சியும் உடைய மீட்பு நிலையமே தகுதியானது. செலவு மிகும் என்பதை மறைப்பதற்கில்லை.

கடையில் கொடுக்கும்போது மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மைகார்டு நகல், வங்கிக் கணக்கு விவரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் ஆகியவை அதனுள் இருந்தால் அவை பிறர் கையில் செல்கின்றன. கூடுமானவரை நம் கண்முன்னே வேலை நடைபெறச் செய்வதும், அவர்கள் கணினியில் எடுத்த நகலை நீக்கச் சொல்வதும் முறையாகும்.

அன்று இரவு

கிராணி ஐயாவின் வீட்டிற்குத் திரும்புவோம். அவருடைய மேசைக் கணினி பழையது. வன்தட்டு முன்புற வாயில், பல்முனைப் பெட்டி ஒன்றின் வழியாக, நீண்ட கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதே பெட்டியில் ஒரு கைப்பேசியும் மின்னேற்றம் பெற்றுக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கழற்றினோம். அலமாரியின் மூலையில் கிடந்த மூலக் கம்பியைத் தேடியெடுத்துப் பின்புற வாயில் செருகினோம். டிக் ஓசை எழவில்லை. தட்டு சீராகச் சுழலும் மெல்லிய ரீங்காரம் கேட்டது. சிறிது நேரத்தில் "தோட்டம்" என்று பெயரிட்ட மடிப்பு திரையில் தோன்றிற்று. மறுநாள் காட்ட வேண்டிய படங்களைப் பார்க்க எல்லோரும் ஆவலுற்றனர். கிராணி ஐயா எவரையும் தொடவிடவில்லை. முதலில் நகல் என்று கூறிவிட்டு, மகளின் மடிக்கணினியையும் இன்னொரு புதிய வன்தட்டையும் வரவழைத்தார். நள்ளிரவு தாண்டியும் நகலெடுப்பு நடந்தது.

இப்போது அப்படங்கள் மூன்று இடங்களில் உள்ளன. ஒரு தட்டு சித்தியவானில் அவர் வீட்டில். ஒன்று ஈப்போவில் மகள் வீட்டில். மூன்றாவது நகல் இணையச் சேமிப்பில். வெள்ளமோ தீயோ மின்னலோ ஒரு வீட்டைத் தாக்கினாலும் மற்றவை எஞ்சும். ஒவ்வொரு தட்டின் மேலும் நகலெடுத்த நாள் எழுதி ஒட்டப்பட்டுள்ளது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவற்றைச் செருகி, சில கோப்புகளைத் திறந்து பார்க்கின்றனர். தட்டுகளை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலத்துடன் மூடியுள்ள டப்பாவில் வைத்துள்ளனர். சுழலாத வகையான எஸ்.எஸ்.டி. தட்டை வாங்குவோர், அதனை ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றிப் பூட்டி வைப்பதைத் தவிர்க்க வேண்டும். அதில் தகவல் மின்னேற்றமாகவே தங்குவதால் நெடுநாளில் கசிந்துவிடக்கூடும்.

வீட்டில் வேறு கணினி இல்லாதவர்கள், "நாடி" என்னும் பெயரில் இயங்கும் சமூக இணைய நிலையத்தை அணுகி, அங்குள்ள பொறுப்பாளரின் அனுமதியுடன் தம் வன்தட்டை மற்றொரு கணினியில் செருகிப் பார்க்கலாம். செல்லும்போது வன்தட்டுடன் வந்த மூலக் கம்பியையும், இடமுள்ள வேறொரு வன்தட்டையும் கையோடு எடுத்துச் செல்க. அங்கு அது திறந்துகொண்டால், அந்த இடத்திலேயே நகலெடுத்துக்கொண்டு திரும்பலாம்.